எட்டு வயதுப் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் படிக்க வைக்கலாமா?

கேள்வி: என் மகன் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வயது எட்டு. கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. நான் வீட்டில்தான் இருக்கிறேன், மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பையன் வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன். ஆனால் தமிழில் இன்னும் எழுத்துக் கூட்டவே திணறுகிறான். மலாயும் ஆங்கிலமும் அதைவிட மோசம். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி என்று அழுகிறான். புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் செபத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னதால், இப்போது கோயிலுக்கும் வர மறுக்கிறான். அமெரிக்காவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதற்குப் பாடத்திட்டமும் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதமே பள்ளியை நிறுத்திவிடலாமா? சட்டம் இடம் கொடுக்குமா? நான் ஐந்தாம் படிவம் வரைதான் படித்தேன்.

பதில்:

அன்புச் சகோதரி, வீட்டுக்கல்வி உங்கள் பையனுக்கு நல்ல வழியாக அமையலாம். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம். அதற்கு முன் இரண்டு காரியங்கள் முடிய வேண்டும். அவன் எதில் தடுக்கி நிற்கிறான் என்பது தெரிய வேண்டும், கல்வி அமைச்சின் விலக்குக் கடிதம் கைக்கு வர வேண்டும். இவை இல்லாமல் நிறுத்தினால், பள்ளியில் இருக்கும் அதே சிக்கல் உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரும். அப்போது அவன் அழுவது ஆசிரியரிடம் அல்ல, உங்களிடம்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவுப்படி தொடக்கக் கல்வி கட்டாயம். 2003 முதல் இது நடப்பில் இருக்கிறது. மலேசியக் குடிமக்களான பெற்றோர் பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் பதிந்து, அந்தக் காலம் முழுவதும் படிக்க வைக்க வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விலக்கு அளிக்கும் அதிகாரம் கல்வி அமைச்சரிடம் இருக்கிறது. ஆகவே வீட்டுக்கல்விக்கு வழி உண்டு, ஆனால் அது விண்ணப்பித்துப் பெற வேண்டிய வழி. பையனை வீட்டில் நிறுத்திவிட்டுப் பிறகு மனுப் போட்டால், பள்ளிக்கு அது வெறும் 'வராமை'தான். எச்சரிக்கைக் கடிதங்கள் வரிசையாக வரத் தொடங்கும்.

விண்ணப்பத்துக்கு முதலில் கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நேரில் போங்கள். 'கட்டாயக் கல்வியிலிருந்து விலக்கு' என்று சொல்லியே கேளுங்கள். ஈப்போவிலுள்ள மாநிலக் கல்வி இலாகாவில் எந்தப் பிரிவு, எந்தப் பாரம் என்பதை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம், உங்கள் இருவரின் அடையாள அட்டை, உங்கள் எஸ்.பி.எம் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, பள்ளியின் மதிப்பீட்டு அறிக்கை, வாரக் கால அட்டவணை, தேசியக் கலைத்திட்டத்தின் எந்தப் பாடங்களை யார் சொல்லித்தருவார் என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். 'எங்கள் மதத்தின்படி வளர்க்க விரும்புகிறோம்' என்ற காரணத்தை மட்டும் எழுதினால் மனு வலுவிழக்கும். 'பிள்ளைக்கு இன்ன கற்றல் சிக்கல் இருப்பதாக மருத்துவர் உறுதி செய்துள்ளார், அதற்காக வீட்டில் இப்படிச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்' என்பது கேட்பவருக்குப் புரியும் காரணம். பதில் வரும்வரை பையன் பள்ளிக்குப் போகட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பேச்சில் கெட்டிக்காரன், வாசிப்பில் திணறல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல தடயம். இந்த வாரமே வீட்டில் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். ஒரு சின்னக் கதையைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வரிசை மாறாமல் சொன்னால் காதும் அறிவும் வேலை செய்கின்றன, சிக்கல் எழுத்தில் என்று கொள்ளலாம். தடுமாறினால் செவித்திறனையும் கவனத்தையும் முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, எழுத்தே காட்டாமல், 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் என்று கேளுங்கள். 'பட்டம்', 'பாட்டு', 'கட்டில்' என்று ஏழெட்டுச் சொற்களில் இப்படிக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது வராவிட்டால், ஒலியைப் பிரிப்பதிலேயே தடை இருக்கிறது. டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பையும் எழுத்தையும் தடுக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது இதுதான். மூன்றாவதாக, ஐந்து சொற்களைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள், பிறகு அதே ஐந்தைச் சொல்வதெழுதுதலாகக் கொடுங்கள். பார்த்து எழுதியது அழகாகவும், கேட்டு எழுதியது குலைந்தும் இருந்தால், கையெழுத்துப் பயிற்சி நோட்டுகளை எத்தனை வாங்கினாலும் பயன் இருக்காது.

இந்த முடிவுகளை ஒரு தாளில் எழுதி, பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியரிடம், அதாவது நாம் பெமுலிஹான் டீச்சர் என்று சொல்பவரிடம், கொடுங்கள். டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல் கல்வி அமைச்சிடம் உண்டு. அதைப் பையனுக்கு நிரப்பித் தரும்படி கேளுங்கள். அவன் இப்போது எந்த டிபி நிலையில், அதாவது பள்ளி மதிப்பீட்டின் எந்த அடைவு நிலையில், இருக்கிறான், எந்தத் திறனில் நிற்கிறான் என்பதையும் கேட்டு வாங்குங்கள். பிறகு அரசாங்க கிளினிக்குக்குப் போய்க் கண், காது இரண்டையும் சோதித்து, குழந்தை மருத்துவ நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கிளினிக்குக்கு 1 வெள்ளி, அரசாங்க மருத்துவமனை நிபுணருக்கு 5 வெள்ளி. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் தேதி கிடைக்க நாளாகலாம், அதனால் இதை முதலில் தொடங்குங்கள். காதை அலட்சியம் செய்யாதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுச்செவியில் நீர் தேங்கினால், முன்னால் நின்று பேசுவது கேட்கும், வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தால் 'ப'வுக்கும் 'ம'வுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும்.

ஞாயிறு இரவு வயிற்றுவலியை நடிப்பு என்று நினைக்க வேண்டாம். வலி உண்மையானது, காரணம் பெரும்பாலும் பயம். எந்த நேரம் மோசம் என்று கேளுங்கள்: பேருந்திலா, ஓய்வு நேரத்திலா, குறிப்பிட்ட ஒரு பாடத்திலா? எல்லார் முன்னும் வாசிக்க வைப்பதுதான் காரணம் என்றால், வகுப்பாசிரியரிடம் ஒரு சின்ன ஏற்பாட்டைக் கேட்கலாம். நாளை எந்த வரியை வாசிக்க வேண்டும் என்பதை இன்றே சொல்லியனுப்பினால், அவன் வீட்டில் பழகிக்கொண்டு வருவான். பல ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள். அடித்தல், கேலி செய்தல் என்றால் அது வேறு விஷயம், தலைமையாசிரியரிடம் நேராகப் போங்கள்.

சிக்கல் உறுதியானால் பள்ளிக்குள்ளேயும் வழிகள் உண்டு. சிறப்புக் கல்வித் திட்டமான பிபிகேஐ வகுப்பு, வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு அமரும் இன்குளூசிஃப் முறை, சமூக நல இலாகா தரும் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். சிறப்புக் கல்வித் திட்டத்தில் பயிலும் மாணவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை உண்டு. பள்ளியை விட்டால் அதுவும் போகும். 'ஓகேயு' என்ற பெயருக்குப் பயந்து பல குடும்பங்கள் இந்தக் கதவைத் தட்டுவதே இல்லை. அந்த அட்டை பிள்ளைக்குக் கிடைக்கும் உதவிக்கு ஒரு சாவி, அவன் யார் என்பதற்கான தீர்ப்பு அல்ல. இதைத் தாத்தா பாட்டிக்கும் பொறுமையாகச் சொல்லிவையுங்கள்.

மருத்துவத் தேதிக்கும் கடிதத்துக்கும் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். வருகிற பள்ளி விடுமுறையில் வீட்டுக்கல்வியை ஒத்திகை பாருங்கள். காலை பசியாறியபின், 8.30 முதல் 10.15 வரை. அவ்வளவுதான். வீட்டுக்கல்வி தொடங்கும் தாய்மார் பலர் செய்யும் தவறு, காலை 7.30 முதல் பகல் 1 மணி வரை பள்ளியை அப்படியே வீட்டில் நடத்தப் பார்ப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்றால், இந்த வயதில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போதும். திணறும் பிள்ளைக்கு வாசிப்புப் பாடம் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் அவன் கற்பது குறையும், வெறுப்பது கூடும். தமிழ் வாசிப்பு 15 நிமிடம், எழுந்து ஓட 10 நிமிடம், கணக்கு 20, மீண்டும் ஓட்டம், மலாய் 15, நீங்கள் வாசிக்க அவன் கேட்பது 20, கையால் செய்வது மீதி நேரம். இரண்டு வார ஒத்திகையில் இருவரும் தினமும் சண்டையில் முடித்தால், அதுவும் ஒரு விடைதான். அப்போது பள்ளியும் ஒரு நல்ல தனிப்பயிற்சி ஆசிரியரும் சேர்ந்த வழி அவனுக்குப் பொருந்தும்.

தமிழ் வாசிப்பை எப்படித் தொடங்குவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இங்கேதான் எல்லாம் நிற்கிறது. 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். ஒப்பித்தல் அவனுக்கு ஏற்கெனவே வரும், வாசித்தல்தான் வரவில்லை. மணிலா அட்டையைப் பத்துக்கு எட்டு சென்டிமீட்டராக வெட்டி, ஓர் அட்டைக்கு ஓர் எழுத்து, ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் எழுதுங்கள். ட, ப, ம, ட், ம் ஆகிய ஐந்தே போதும்: படம், மடம், பட்டம், மட்டம். முதல் நாளே சொல் வாசித்துவிடுகிறான். பிறகு துணைக்கால் சேருங்கள்: பாடம், மாடம். ஒரு நேரத்தில் கையில் பத்து அட்டை, அதில் புதியவை இரண்டுக்கு மேல் வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் தயங்காமல் சொன்ன அட்டையை வாரம் ஒருமுறை பார்க்கும் பெட்டிக்கு மாற்றுங்கள்.

உகர வரிசையில் கு, டு, மு, து என்று ஒவ்வொன்றும் வேறு உருவம் எடுக்கும். விதியாகச் சொல்லிப் பயனில்லை, தனித்தனி எழுத்தாகவே பழக்குங்கள். இன்னும் பெரிய தடை கொம்பு. 'பெட்டி' என்ற சொல்லில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது 'ப்' ஒலியை. இடமிருந்து வலமாக ஒலி சேர்க்கப் பழகிய பிள்ளை இங்கே குழம்பி நின்றுவிடுவான், சோம்பேறி என்று பெயரும் வாங்குவான். கொம்பைத் தனியாக எழுதிக் காட்டாமல், 'பெ', 'மெ', 'டெ' என்று முழு உருவமாகவே அட்டையில் கொடுங்கள். 'பொ', 'போ' போல இரண்டு பக்கமும் பிடிப்பவை கடைசியில். ன-ண, ல-ள-ழ, ர-ற ஆகிய இணைகளை ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்து மூன்று நான்கு வாரம் ஆன பிறகே அதன் ஜோடி.

மலாய்க்கு ஈரசைச் சொற்களிலிருந்து போங்கள்: பூக்கு, மாத்தா, காக்கி, சூசூ. மலாயில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் மாறாது, அதனால் திணறும் பிள்ளைக்கு அது சீக்கிரம் நம்பிக்கை தரும். ஆங்கில வாசிப்பை இப்போது தொடவே வேண்டாம். ரோமன் எழுத்து 'சி' மலாயில் எப்போதும் 'ச்'. ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'க்', இன்னோரிடத்தில் 'ஸ்'. மலாய் அசைகள் உறுதியாகும்வரை ஆங்கிலம் காதுக்கும் வாய்க்கும் மட்டும் இருக்கட்டும். உங்கள் ஊரில் ரயில் நிலையம் இருப்பது வசதி. கோலகங்சார், தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் தெபால், புக்கிட் மெர்தாஜாம் என்று வடக்கே போகும் நிலையப் பெயர்களை அசை அசையாக அட்டையில் எழுதுங்கள். ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாக அவன் கண்டுபிடிக்கட்டும்.

நீங்கள் ஐந்தாம் படிவம் வரை படித்தது இரண்டாம் ஆண்டுப் பாடத்துக்குப் போதும். பாடநூல்களின் மின்னியல் பிரதிகள் அமைச்சின் டெலிமா தளத்தில் இருக்கின்றன. நான்காம் ஆண்டுக்கு மேல் கணக்கும் அறிவியலும் கனக்கும், அப்போது வாரம் இரண்டு மணி நேரமாவது ஓர் ஆசிரியர் தேவைப்படுவார். அந்தச் செலவை இப்போதே கணவரோடு பேசி வையுங்கள்.

இனி கத்தோலிக்கக் கல்வி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, பையன் கோயிலுக்கு வர மறுக்கிறான் என்ற வரி. பள்ளிக்கு முன்பாக அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது அதுதான். பிள்ளைகளுக்குக் கல்வி தரும் முதல் பொறுப்பு பெற்றோருடையது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய அறிக்கையில் சொன்னது. திருச்சபைச் சட்டம் 793ஆம் எண்ணும் அதையே சொல்கிறது. இந்தப் பொறுப்பு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கும் உண்டு, வீட்டில் வைத்திருக்கும் தாய்க்கும் உண்டு. வீட்டுக்கல்வி கூடுதல் பக்தியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

புதுநன்மைக்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்று திருச்சபை எங்கும் கேட்கவில்லை. 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் காலத்து ஆணை, ஏறக்குறைய ஏழு வயதில் விவரம் தெரியும் பருவம் வருகிறது என்றும், நற்கருணையைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்து, தன் வயதுக்கேற்ற பக்தியோடு அணுகினால் போதும் என்றும் வகுத்தது. பிள்ளையை ஆயத்தப்படுத்தும் கடமை முதலில் பெற்றோருக்கும், பிறகு பங்குத்தந்தைக்கும் என்று சட்டம் 914 சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் பேசுங்கள்: 'ஃபாதர், பையனை வாய்மொழியாகத் தயாரிக்கிறோம், வகுப்பில் வாசிக்க வைக்க வேண்டாம், கேள்விகளை வாயால் கேளுங்கள்.' மறைக்கல்வி ஆசிரியரிடமும் அன்போடு சொல்லுங்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்து வரும் தொண்டர்கள். ஞாயிறு வகுப்பிலிருந்து மட்டும் அவனை நிறுத்தாதீர்கள். வீட்டுக்கல்விக்கு வந்தபின் அவனுக்கு மிஞ்சும் நண்பர் கூட்டம் அதுவாகவே இருக்கலாம்.

வீட்டில் ஒரே ஒரு கண்டிப்பான விதி வையுங்கள்: செபத்தையும் விவிலியத்தையும் வாசிப்புப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது. செபமாலை மணியை வைத்துப் பத்துப் பத்தாக எண்ணிக் கணக்கு சொல்லித்தரவும் கூடாது, அதற்கு ரப்பர் கொட்டை இருக்கிறது. தான் தோற்கும் ஒரு காரியத்தோடு கடவுளைச் சேர்த்துக் கட்டினால், பிள்ளை இரண்டையும் வெறுக்கும். இப்போது நடந்திருப்பது அதுதான்.

செபத்தைக் காதால் கற்கட்டும். உங்கள் மாமியார் இதற்கு நல்ல ஆசிரியர். பரலோக மந்திரத்தையும் அருள் நிறை மந்திரத்தையும் எழுத்தே பார்க்காமல் கற்ற தலைமுறைகள் தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்திருக்கின்றன. வாரத்துக்கு ஒரு வரி போதும். அவர் சொல்ல, அவன் திருப்பிச் சொல்லட்டும். அவர் சொல்லும் பழைய வாசகமும் பங்கில் சொல்லும் புதிய வாசகமும் வேறாக இருந்தால், பங்கில் சொல்வதையே பழக்குங்கள், இல்லையென்றால் திருப்பலியில் மறுபடியும் தடுமாறுவான். மாலைச் செபமாலையில் முழு ஐந்து மறையுண்மைகளுக்கும் அவனை உட்கார வைக்க வேண்டாம், ஒரு பத்து மணி போதும், அதை அவனே தொடங்கி வைக்கட்டும்.

சனிக்கிழமை மாலை, மறுநாள் நற்செய்தியைக் கதையாகச் சொல்லுங்கள். மாவுக்களியிலோ களிமண்ணிலோ ஆடுகள், ஈக்கிக் குச்சியில் பட்டி, ஒரு மேய்ப்பன் செய்து, நல்லாயன் உவமையை அவன் கையாலேயே நகர்த்திச் சொல்லட்டும். 1954இல் ரோமில் சோஃபியா கவலெத்தி தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி' முறை இப்படித்தான் கைப்பொருட்களை வைத்து நடக்கிறது. வாசிக்காத பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி குறைவு. பங்குத்தந்தையின் மேலாடை நிறத்தைக் கவனிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள்: பச்சையா, ஊதாவா, வெள்ளையா, சிவப்பா? வீட்டில் ஒரு வட்டத் தாளில் வாரத்துக்கு ஒரு கட்டமாக அந்த நிறத்தைத் தீட்டட்டும். ஆண்டு முடிவதற்குள் திருவழிபாட்டு ஆண்டு முழுவதும் அவனுக்குப் புரிந்திருக்கும்.

அமெரிக்கப் பாடத்திட்டங்களைப் பற்றிக் கேட்டீர்கள். வர்ஜீனியாவிலுள்ள சீட்டன் போன்ற நிறுவனங்கள் முழு ஆண்டுப் பாடங்களையும் தேர்வுகளையும் அனுப்புகின்றன, அங்குள்ள குடும்பங்களுக்கு அவை நல்ல துணை. உங்கள் பையனுக்கு இப்போது அவை பொருந்தாது. எல்லாம் ஆங்கிலத்தில், நிறைய வாசிப்போடு, அமெரிக்க வரலாற்றோடு வரும். தமிழும் மலாயும் இருக்காது, கட்டணம் டாலரில். தேசியக் கலைத்திட்டத்தைக் கேட்கும் அதிகாரிக்கும் அது பதிலாகாது.

ஒரு கோப்பு தொடங்குங்கள். தேதி, செய்த பாடம், எத்தனை நிமிடம் என்று தினம் இரண்டு வரி. வெள்ளிதோறும் அவன் கையெழுத்தில் ஒரு பக்கம். மாதம் ஒருமுறை அவன் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதிகாரிக்கும் மருத்துவருக்கும் இது ஆதாரம். பள்ளிக்குத் திரும்ப நேர்ந்தாலும் உதவும். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் தேதியை இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். கணவரின் ஷிப்டு எதுவானாலும் வாரத்தில் இரண்டு பாடம் அவருடையதாக இருக்கட்டும். எல்லாம் உங்கள் தலையில் விழுந்தால் மூன்றாம் மாதத்தில் களைத்துவிடுவீர்கள்.

பையனிடம் இப்போது 'இனிப் பள்ளியே இல்லை' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம், விலக்கு கிடைக்காமலும் போகலாம். இப்படிச் சொல்லுங்கள்: 'உனக்கு எழுத்து ஏன் கஷ்டமா இருக்குன்னு டாக்டர்கிட்ட கேட்கப் போறோம். அது உன் தப்பு இல்லய்யா. கோயில்ல உன்னை இனிமே யாரும் வாசிக்கச் சொல்ல மாட்டாங்க, ஃபாதர்கிட்ட அம்மா பேசிட்டேன்.' கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் ஃபாதரிடம் உண்மையாகவே பேசிவிடுங்கள்.